மரத்துக்கு இரண்டு பக்கமும்

வானத்துக்கு நான் உத்தரவாதம் கொடுப்பதில்லை. என் வேனில் ஏறுகிறவர்களிடம் ஏறும்போதே சொல்லிவிடுவேன். "வெளிச்சம் வந்தா வரும், வராட்டி வராது. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. ஆனா நான் நிறுத்துற இடத்துல, நான் சொல்ற மாதிரி, வாயை மூடிக்கிட்டு நின்னீங்கன்னா வந்ததுல ஒரு துளிகூட உங்க கண்ணுக்குத் தப்பாது. அதுக்கு நான் பொறுப்பு."

ஸ்வீடனின் வடகோடியில், கிருனாவுக்குத் தெற்கே இந்தக் காட்டுப் பக்கத்தில், குளிர்கால வானத்தில் ஆடுகிற வடவொளியைக் காட்ட ஆள் கூட்டிப்போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பெரிய பஸ் வைத்திருக்கிறார்கள், கண்ணாடிக் கூரை போட்ட குடில் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய வேன், நான்கு மரக்குடில், சவுனா என்கிற நீராவிக் குளியலறை ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ஆட்களை நிற்கவைக்க என்னைப்போல் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் எவருமில்லை. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், போங்கள். வந்த முதல் நாளே முற்றத்தில் வைத்துப் பழக்கிவிடுவேன். நெற்றி விளக்கை அணை. போனை உள்பைக்குள் போடு. காலை மாற்றாதே. இருமல் வந்தால் கையுறைக்குள் இருமு. மூச்சு விடும் சத்தம் அவரவர் காதுக்கே பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும்வரை விடமாட்டேன். பட்டாளத்தில் இருந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை, பனிமான் மேய்க்கிற வீட்டில் பிறந்தேன் என்றேன்.

என் தம்பி நீலாஸ் இன்னமும் மேய்க்கிறான். என்னுடையவை என்று காதில் குறி வெட்டிய மான்கள் சிலவும் அவன் கூட்டத்தோடுதான் திரிகின்றன. ஆனால் நாங்கள் இருவரும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன குளிர்காலத்தில் என் விருந்தாளி ஒருவன், சொல்லச் சொல்லக் கேட்காமல், குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டான். ட்ரோன் என்கிறார்களே, அதுதான். அது கொர்ரென்று கூட்டத்துக்கு மேலே போனதும் மான்கள் மூலைக்கு ஒன்றாய்ச் சிதறின. எல்லாவற்றையும் திரட்ட நீலாசுக்கு நான்கு நாள் ஆயிற்று. வந்தான், என் முற்றத்தில் நின்று கத்தினான். நானும் சும்மா இருக்கிற ஆளா? "உன் மானுக்காக ஊரே மூச்சை அடக்கிக்கிட்டு உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டேன். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

இந்த டிசம்பரில் வந்த கூட்டம் ஐந்து பேர். புதிதாகக் கல்யாணமான இத்தாலிக்காரப் பிள்ளைகள் இருவர், ஸ்காட்லாந்திலிருந்து அக்கா தங்கை இருவர், அப்புறம் ரோஸ்விதா. ரோஸ்விதா ஜெர்மனியில் பிரேமன் ஊர்க்காரி. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். நான் கழுவிவைத்த கோப்பையை மறுபடி கழுவுவாள். முற்றத்து விறகை நீளம் பார்த்து அடுக்கிவைத்தாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது.

அன்று காலை எல்லோரையும் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். சூரியன் வராத மாதம். காலை பத்து மணிக்கும் நீல வெளிச்சம்தான். பெட்ரோல் போடுகிற இடத்தில் நீலாஸ் தன் பனி ஸ்கூட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். நானும் திரும்பிக்கொண்டேன். ரோஸ்விதாவுக்கு இதெல்லாம் தெரியுமா? நேரே அவனிடம் போய் நின்றாள்.

"நீங்க மான் வளர்க்கிறவரா? ரொம்ப சந்தோஷம்! மொத்தம் எத்தனை மான் வச்சிருக்கீங்க?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மான் மேய்க்கிற எங்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வயசு கேட்கலாம், ஏன் புருஷனோடு சண்டை என்றுகூடக் கேட்கலாம். மான் எத்தனை என்று மட்டும் கேட்கக்கூடாது. முன்பின் தெரியாதவரின் பாங்கிக் கணக்கைக் கேட்பது மாதிரி அது. கூடப்பிறந்த எனக்கே அவன் சொன்னதில்லை. எங்கள் அப்பா எங்கள் அம்மாவிடம் சொன்னாரா என்பதும் சந்தேகம்தான்.

நீலாஸ் குழாயை மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னான். "மரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்மா."

"அப்படின்னா?"

"ஒரு மரம் இருக்குல்ல, அதுக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் நிக்கும், அந்தப் பக்கமும் கொஞ்சம் நிக்கும்."

கேட்கிற எல்லோருக்கும் எங்கள் ஆட்கள் சொல்கிற பதில் அது. ரோஸ்விதாவுக்கு அது போதவில்லை. "தோராயமா? நூறா, ஆயிரமா?" என்றாள். நீலாஸ் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டான். வேனுக்குத் திரும்பியதும் நான் அவளுக்கு விளக்கினேன். முகம் சிவந்துவிட்டது. "ஐயையோ, என்ன நினைச்சாரோ!" என்று பத்துத் தடவை சொன்னாள். ஏதாவது நல்லது செய்து அதைச் சரிக்கட்ட வேண்டும் என்று அன்றைக்கெல்லாம் துடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இரண்டு மணிக்குள் இருட்டிவிட்டது. எப்போது வந்தாள், என்ன கொண்டுவந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. சாப்பாடு முடிந்து ஐந்து மணிக்கு எல்லோரையும் தடித்த உடுப்புக்குள் திணித்து வேனில் ஏற்றினேன். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. இன்றைக்கு வரும் என்று எனக்கு மூக்கு நுனியிலேயே தெரிந்தது. வண்டியைக் கிளப்பும்போது பின்சீட்டிலிருந்து ரோஸ்விதா ஒரு மூட்டையை முன்னால் நீட்டினாள்.

"ரிஸ்தென், இதை எந்தக் குப்பைத் தொட்டில போடணும்? பிளாஸ்டிக்குக்குத் தனித்தொட்டி இருக்கா?"

கறுப்புப் பிளாஸ்டிக் பைகள். ஆறோ ஏழோ இருக்கும், மடித்து அழகாகக் கட்டியிருந்தாள்.

"ரோட்டோரக் கம்புல எல்லாம் மாட்டிக்கிட்டுத் தொங்குது. இவ்வளவு அழகான ஊர்ல இப்படிக் குப்பையான்னு மனசு கேக்கல. வளைவு வரைக்கும் போயி எல்லாத்தையும் அவுத்துட்டேன். ஒண்ணுகூட விடல!"

அது குப்பை இல்லை. பனி வாரும் வண்டிக்காக ரோட்டோரம் நட்டிருக்கும் கம்புகளில் கறுப்புப் பை கட்டியிருந்தால், 'பக்கத்தில் மான் இருக்கிறது, மெதுவாகப் போ' என்று அர்த்தம். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிற எவனும் அதைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிடுவான். கட்டியவன் நீலாஸ். அவளுக்கு எங்கே தெரியும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. எங்களுக்கு அது கதவில் இருக்கிற தாழ்ப்பாள் மாதிரி, யாரும் யாருக்கும் விளக்கமாட்டோம்.

வாயைத் திறக்கப் போனேன், போன் அடித்தது. நீலாஸ்.

"அக்கா."

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. குரல் சரியில்லை.

"சொல்லுடா."

"மானுங்க எல்லாம் ரயில் பாதைப் பக்கம் போயிடுச்சுக்கா. ரோட்டுல நின்னிருக்கு, மர லாரி ஓட்டுற ஸ்டூரே வேகமா வந்திருக்கான். இருக்குற விளக்கு அத்தனையும் போட்டு, ஹாரனையும் அடிச்சுட்டான். ஒண்ணும் அடிபடல. மிரண்டு, உறைஞ்ச ஏரியைத் தாண்டி ஓடிடுச்சு. 'பை இல்லையே நீலாஸ், பை இருந்தா நான் அப்படி வருவேனா'ன்னு அவன் அழாத குறையா சொல்றான். நான் நேத்துதான் கட்டினேன். எந்தப் பாவி அவுத்தான்னு தெரியல."

கண்ணாடியில் ரோஸ்விதாவைப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"ரயில்காரங்களுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சுரங்கத்துலேர்ந்து இரும்புத்தாது ஏத்துன வண்டி ஒண்ணு கிளம்பி வந்துக்கிட்டு இருக்காம். மெதுவா வரச் சொல்றேன்னாங்க. சுமை வண்டி எப்படி நிக்கும்னு உனக்கே தெரியும். வீட்டுல எல்லாரும் பிரசவம் பாக்க லூலியோ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. நான் ஒத்தை ஆளு. ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனா நானே பாதை மேல விரட்டின மாதிரி ஆயிடும். உன்கிட்ட ஆள் இருக்கா?"

"அஞ்சு பேர் இருக்காங்க. என்னோட ஆறு."

"யாரு?"

"என் விருந்தாளிங்க."

"உன் ட்ரோன் கோஷ்டியா?" என்றான்.

"வேற வழி வச்சிருக்கியா நீ?"

"வேலித் துணியை எடுத்துட்டு ஏரிச் சதுப்புக்கு வரேன்" என்று வைத்துவிட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாது ரயில் அவன் கூட்டத்துக்குள் புகுந்து போனது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. பாதை ஓரமாக நடந்து, உயிர் ஊசலாடியதையெல்லாம் தன் கையாலேயே முடித்து வைத்தான். இன்னொரு தடவை அப்படி நடந்தால் கத்தியைச் சுவரில் மாட்டி, மேய்ப்பை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன் என்று அன்றைக்குச் சொன்னான். வெறும்பேச்சு பேசுகிற ஆள் இல்லை அவன். இப்போது சினைமான்கள் வேறு.

வேனை ஓட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ரோஸ்விதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தானா?" என்றாள். "ஆமா, நீங்கதான். அழுவுறதுன்னா அப்புறமா அழுங்க, இப்ப எனக்குக் கை வேணும்" என்றேன். மற்றவர்களிடம், "வர விருப்பமில்லாதவங்க வேன்லயே இருக்கலாம்" என்றேன். ஸ்காட்லாந்து அக்கா, "என்ன பேச்சு இது, வண்டியை ஓட்டும்மா" என்று அதட்டினாள்.

மான்கள் போய் நின்ற இடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஏரிக்கும் ரயில் மேட்டுக்கும் நடுவில் இருக்கிற திறந்த சதுப்பு. அங்கேதான் பத்து வருஷமாக நான் வெளிச்சம் காட்டுகிறேன். எந்தப் பக்கம் இறங்கினால் சத்தம் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேனைத் தூரத்திலேயே நிறுத்தினேன். பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தோம். நீலாஸ் முன்னாலேயே வந்து காத்திருந்தான். தோளில் சுருட்டிய சாக்குத் துணி, கையில் ஒரு பை நிறைய, மான்கள் விரும்பித் தின்கிற காட்டுப் பாசி.

ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்தான். "இவங்க நிப்பாங்களா?" என்றான்.

"என் ஆளுங்க. நான் நில்லுன்னா நிப்பாங்க. நீ உன் மானைப் பாரு."

துணியை ரயில் மேட்டுக்கும் மான்களுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். சும்மா பிடித்தால் போதும். தாண்ட முடியாத வேலி என்று அவை நினைத்துக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏரிப் பக்கம் நகர்ந்தால் மான்களும் நகரும். ஒருவர் கத்தினால், ஒருவர் விழுந்தால், ஒரு விளக்கு எரிந்தால் எல்லாம் போச்சு. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் போவதற்கு முன் நீலாஸ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "முட்ட வந்தாலும் ஓடாதீங்க, துணியை லேசா ஆட்டுங்க, போதும்."

நான் ஒரு முனை. ரோஸ்விதா மறுமுனை, மேட்டுக்கு ரொம்பப் பக்கம். அந்த இடத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். துணியை விரித்து நின்றோம். விளக்கில்லை. எங்கே மான், எங்கே புதர் என்று எனக்கே தெரியவில்லை. மான் அடி வைக்கும்போது குளம்பு நரம்பு சொடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது, டிக் டிக் டிக்கென்று, ரொம்பப் பக்கத்தில்.

அப்போதுதான் வந்தது. வடக்கே ஒரு கோடு போல ஆரம்பித்து, தலைக்கு மேலே வந்து, அப்படியே விரிந்து கொட்டியது. பனி பச்சையாகிவிட்டது. ஓரத்தில் ரோஜா நிறம் ஓடியது. எத்தனையோ குளிர்காலம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தில் கூட்டம் முழுவதும் தெரிந்தது. துணிக்கு எதிரே கொம்பும் கொம்புமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டு மான்கள் ஏற்கெனவே ரோஸ்விதாவின் முனையைத் தாண்டி மேட்டில் பாதி ஏறியிருந்தன. பாதையில் பனி வாரியிருந்ததால் நடக்கச் சுலபம், அதுதான் அவற்றுக்கு ஆசை.

இதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்தவர்கள் என் ஐந்து பேரும். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. ஒருவர் கையும் போனுக்குப் போகவில்லை. இத்தாலிக்காரப் பையனின் கண்ணில் நீர் வழிந்து மீசையில் உறைந்திருந்தது, அவன் துடைக்கவுமில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. நான் பழக்கிய ஆட்கள்!

ஓர் அடி. நின்றோம். இன்னோர் அடி. மேட்டில் ஏறிய இரண்டும் துணியைப் பார்த்துத் தயங்கின. ரோஸ்விதா அசையவே இல்லை. அவை அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் இறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. ஏரிப் பக்கத்திலிருந்து நீலாஸ் பாசிப் பையைக் குலுக்கி, அடித்தொண்டையில் தன் வெள்ளை மானைக் கூப்பிட்டான். அது அவன் கையில் தின்று வளர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்து, அவனை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று.

பாதி நகர்ந்திருக்கும். தண்டவாளம் சிணுங்க ஆரம்பித்தது.

ரயில் மெதுவாகத்தான் வந்தது. வாக்குத் தவறவில்லை. ஆனால் முக்கால் கிலோமீட்டர் நீளத்து இரும்பு, மெதுவாக வந்தாலும் பூமி ஆடும். முன்விளக்கு சதுப்பு முழுவதும் வெள்ளையடித்தது. பின்னால் நின்ற மான்கள் பிய்த்துக்கொண்டு திரும்பின. நேரே துணியைப் பார்த்து, நேரே ரோஸ்விதாவைப் பார்த்து ஓடிவந்தன. அவளுக்கு முதுகுப்பக்கம் ரயில், முன்பக்கம் மான். நான் கூப்பிட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. சின்ன உருவம் அவள். துணியை மார்புவரை தூக்கினாள். லேசாக ஆட்டினாள். நீலாஸ் சொன்னானே, அதே அளவு, அதற்குமேல் ஒரு துளி இல்லை. முன்னால் வந்த மான் அவள் முகத்தில் மூச்சு விடுகிற தூரத்தில் கால்களை ஊன்றி நின்றது. பின்னால் வந்தவை அதன் மேல் மோதித் திரும்பின. திரும்பி, வெள்ளை மான் போன வழியே ஏரிக்கு ஓடின.

பெட்டிகள் கடந்துகொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போனபோது பாதையில் ஒரு மான்கூட இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், காட்டு விளிம்பில், எல்லாம் பத்திரமாக நின்றன.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. வானத்தில் வெளிச்சம் ஓய்ந்துவிட்டிருந்தது. இத்தாலிக்காரப் பெண் அப்போதுதான் மேலே பார்த்து, "அடக் கடவுளே, ஒரு போட்டோகூட எடுக்கலையே!" என்றாள். எல்லோருமே சிரித்துவிட்டோம்.

நீலாஸ் காட்டோரம் நெருப்பு மூட்டினான். கறுப்புக் காப்பி, அதில் போட்டு ஊறவைக்கப் பாலாடைக்கட்டி, உலர்ந்த இறைச்சித் துண்டு. எல்லோருக்கும் அவனே வெட்டிக் கொடுத்தான். என் கோப்பையை மட்டும் இரண்டு தடவை நிறைத்தான். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது அவ்வளவுதான். நானும் இரண்டு தடவையும் குடித்தேன்.

"அந்தப் பை எங்க போச்சுன்னுதான் புரியல" என்றான்.

"காத்துல பறந்திருக்கும்டா" என்றேன் நான் சட்டென்று. என் தொழிலையும் பார்க்க வேண்டாமா?

"காத்து இல்ல" என்றாள் ரோஸ்விதா. எழுந்து நின்றுகொண்டாள். உடுப்புக்குள்ளிருந்து அந்த மூட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நான்தான் அவுத்தேன். குப்பைன்னு நினைச்சேன். காலைல உங்ககிட்ட தப்பா ஒண்ணு கேட்டேன், அதுக்குப் பரிகாரமா உங்க ஊரைச் சுத்தம் பண்ணலாம்னு போனேன். உங்க மான் செத்திருந்தா அது என்னாலதான். என்னை என்ன வேணா சொல்லுங்க."

நீலாஸ் பைகளை வாங்கி, அவள் மடித்திருந்த அழகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்றா, அசிங்கமா தொங்குதுன்னு" என்றான். "அக்கா, நீயும் வாய் கூசாம பொய் சொல்ற பாரு."

அப்புறம் எழுந்து ரோஸ்விதாவிடம் போனான். "காலைல ஒண்ணு கேட்டீங்களே" என்றான். கையுறையைக் கழற்றி, அவள் குல்லாயை ஓரமாக விலக்கி, காதில் ஏதோ சொன்னான். ஒரே ஒரு சொல்தான் இருக்கும். ரோஸ்விதாவின் கண் விரிந்தது. மெல்லத் தலையாட்டினாள். நான் இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் விழவில்லை. அக்காக்காரி நான், ஐம்பது வருஷமாகக் கூட இருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்!

திரும்பும் வழியில் வேனை ஒவ்வொரு கம்பருகிலும் நிறுத்தச் சொல்லி, நீலாஸ் திருப்பிக் கொடுத்த பைகளை ரோஸ்விதாவே இறங்கிக் கட்டினாள். நீலாஸ் கட்டியதைவிட இறுக்கமாகவே கட்டினாள். கடைசிப் பையைக் கட்டிவிட்டு ஏறி, முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போகட்டும் என்று பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ரோஸ்விதா, நமக்குள்ள இருக்கட்டும். எத்தனைன்னு சொன்னான்?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். மாட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்தாள்.

"மரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்காம்" என்றாள்.